தட்டைத் திருப்பிப் போட்டாள்

வீட்டில் டீ ஊற்றினால்கூட, குனிந்து டம்ளர்களைக் கண்மட்டத்தில் வைத்துப் பார்ப்பாள். கொத்தனார் கையில் இருக்கும் ரசமட்டத்தின் பெயரையே பிள்ளைகள் அவளுக்கு வைத்துவிட்டார்கள். அவள் பிழைப்பும் அதுதானே. ராக்கெட் இன்ஜினுக்குள் எரிபொருளைத் தூவுகிற துளைத்தட்டு அவளிடம் வரும். அதன் வழியே தண்ணீரைப் பீய்ச்சி, கீழே வரிசையாக நிற்கும் கண்ணாடிக் குழாய்களில் ஒரே அளவு விழுகிறதா என்று பார்ப்பாள். ஒரு பக்கம் கூடிப் போனால் இன்ஜின் சுவரே உருகிவிடும்.

தட்டில் துளை போடுகிறவர் அவள் கணவர். போன தட்டு தேறவில்லை. இன்னொன்று தவறினால் மிஷினை விட்டுவிட்டு ஸ்டோருக்குப் போகவேண்டியதுதான் என்று மேலதிகாரி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மனிதர் சாப்பாட்டை அளைகிறாரே தவிர, வாயில் வைப்பதில்லை.

அடுத்த தட்டு வந்தது. வால்வைத் திறந்தாள். வலப்பக்கக் குழாய்கள் நிரம்பி வழிந்தன. இடப்பக்கம் பாதிகூட ஏறவில்லை.

“என்னம்மா, இதுவும் போச்சா?” என்றார் மேலதிகாரி.

“திருப்பிப் போட்டுப் பாத்துடறேன் சார்.”

அது அந்த அறையின் வழக்கம். தட்டை அரைச்சுற்று திருப்பி மாட்டும்போது குறையும் பக்கம் மாறினால், கோளாறு தட்டில். மாறாவிட்டால் வேறெங்கோ. கட்டினவர் சீட்டை நாமே கிழிக்கிறோமே என்று நொந்துகொண்டே நட்டுகளை முடுக்கினாள்.

மறுபடி தண்ணீர் பீய்ச்சியடித்தது. குறை அதே இடப்பக்கம்தான். அசையவே இல்லை. அப்பாடா, தட்டில் பழுதில்லை!

அப்படியானால் எதில்? இடது காது சில்லென்றிருப்பது அப்போதுதான் உறைத்தது. நிமிர்ந்து பார்த்தாள். முந்தின நாள் பழுது பார்த்த ஏசி, சுவரிலிருந்து புயலாக அடித்துக்கொண்டிருந்தது. நீர்த்தூவலை அப்படியே வலப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. நிறுத்தினாள். இந்த முறை குழாய்களில் தண்ணீர் கோடு போட்டதுபோல நின்றது.

“இந்த ஏசிய யாரும்மா சரி பண்ணச் சொன்னது?”

“நான்தான் சார். வேர்க்குது வேர்க்குதுன்னு மெக்கானிக் உயிர வாங்கினேன்.”

மேலதிகாரி சிரித்துக்கொண்டே தட்டு தேறியதாகக் கையெழுத்துப் போட்டார். வாசலில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்ற கணவரிடம் ஓடிப்போய், “ஏங்க, தேறிடுச்சு!” என்றவள், ஏசி கதையையும் மறைக்காமல் சொன்னாள்.

“நல்லா இருக்கு! உனக்குக் காத்து வேணும்னு என்னை ஸ்டோருக்கு அனுப்பப் பாத்தியா?” என்றார். அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைக் காலி செய்தார்.

சாயங்காலம் குனியாமலே டீ ஊற்றினாள்.

“அம்மா, அப்பாவுக்கு மட்டும் நிறைய!” என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

“இருக்கட்டும்” என்றாள் ரசமட்டம்.