தூள் அறைக்கு வெளியே மூன்று மாதம்

என் அக்காவின் கணவர் பெயின்ட் கம்பெனியில் தூள் நிறுப்பவர். சுவரில் கிருமி அண்டாமலிருக்க அந்தப் பெயின்டில் வெள்ளியும் துத்தநாகமும் கலப்பார்கள். கண்ணுக்கே பிடிபடாத நானோ தூள். ஒன்பது வருடமாக அதை மூட்டையிலிருந்து அள்ளித் தராசில் இடுவது அத்தான்தான். ஒரு கிராம் பிசகாது.

கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை. ஊசி, ஸ்கேன், மாத்திரை எல்லாம் அக்காவுக்குத்தான். மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பி வந்த மறுவாரம், அக்கா வீட்டில் சாப்பிடும்போது "அத்தானையும் ஒரு தடவை பாத்துடலாமே" என்று வாயைத் திறந்தேன். அத்தானின் அம்மா தட்டை நங்கென்று வைத்தார்.

"ஊர் சுத்தினவளுக்கு வாய் நீளம்!"

அத்தான் மட்டும் சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டு, "எங்க போகணும்?" என்றார்.

அக்காவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. வேலை வெட்டி இல்லாத நான்தான் துணைக்குப் போனேன். விந்தணுக்கள் மிகக் குறைவு, இருப்பவையும் சோம்பேறிகள் என்றது அறிக்கை. மருத்துவர் அத்தானின் வேலையை விசாரித்தார்.

"மாஸ்க் போடுவீங்களா?"

"வேலை முடியற வரைக்கும் கழட்டவே மாட்டோம் டாக்டர்."

"முடிஞ்சதும்?"

"கழட்டிட்டு, காத்துக் குழாயால ஒருத்தர் மேல ஒருத்தர் அடிச்சு, உடுப்புல இருக்கிற தூளை ஊதிடுவோம். சுத்தமா வீட்டுக்குப் போகணுமில்ல?"

மருத்துவர் பேனாவை மூடி வைத்தார். நாளெல்லாம் மூக்கை மூடித் தடுத்த தூளை, மணி அடித்ததும் மூக்கைத் திறந்து வரவேற்றிருக்கிறார்கள்.

"இந்த மாதிரி தூள் எலிகளுக்கு விந்தணுவைக் கெடுக்குதுன்னு சோதனையில தெரியுது. மனுஷங்ககிட்ட இன்னும் உறுதியில்ல. இதுதான் காரணம்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா புது விந்தணு உருவாகி வர கிட்டத்தட்ட மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் தூள் பக்கமே போகாதீங்க."

பேருந்தில் அத்தான் அறிக்கையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "பேக்கிங்குக்கு மாத்துங்கன்னு கேட்டா, ஏன்னு கேப்பாங்களே."

"முதுகுவலின்னு சொல்லுங்க அத்தான்."

"நான் முதுகுவலின்னு நழுவிட்டா, என் இடத்துக்கு மிக்ஸர் ஓட்டுறவன் வருவான். போன மாசம்தான் அவனுக்குக் கல்யாணம் ஆச்சு."

மறுநாள் சாப்பாட்டு அறையில் உள்ளதை உள்ளபடி சொன்னாராம். முதலில் ஒரே சிரிப்பு.

"தராசுல போட்டு நிறுத்துப் பாத்தியா மாப்ளே?"

"பாத்தாச்சு, எடை குறையுது. உன்னோடதையும் கொண்டா, நிறுத்துடுவோம்."

அதோடு சிரிப்பு அடங்கி, எல்லோருமாக மேற்பார்வையாளரிடம் போனார்களாம். அவர் முனகினார், ஆனாலும் அத்தானைப் பேக்கிங்குக்கு மாற்றினார். மறுவாரமே காற்றுக் குழாய் போய், தூசி உறிஞ்சும் மெஷின் வந்தது. பழக்கதோஷத்தில் அதையும் மாஸ்க்கைக் கழற்றிவிட்டே பிடித்தார்களாம். அத்தான் பேக்கிங்கிலிருந்து ஓடிவந்து கத்த வேண்டியிருந்தது.

டப்பாவுக்கு மூடி போடும் வேலை அவருக்குச் சலித்தது. வீட்டுக்கு வந்து கடைக்காரர் கொடுத்த பருப்பைக் கையில் தூக்கிப் பார்த்து, "இருபது கிராம் குறைவு" என்பார். அவருடைய அம்மா அக்காவிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. காலையில் அவளுடைய சாப்பாட்டு டப்பாவைத் தானே நிரப்பிக் கொடுக்க ஆரம்பித்தார்.

மூன்று மாதம் கழித்து எடுத்த சோதனைக்கு அக்கா சண்டை போட்டு விடுப்பு வாங்கி வந்தாள். எண்ணிக்கை இரண்டு மடங்காகியிருந்தது. போதாதுதான், ஆனால் ஓட்டம் நன்றாகத் தேறியிருந்தது. "இப்படியே போகட்டும், இன்னும் மூணு மாசம்" என்றார் மருத்துவர்.

அக்கா அந்த எண்ணை இரண்டு தடவை படித்தாள்.

"பாதி தூரம் வந்தாச்சு. மீதிக்கும் கூட வருவியா?" என்று கேட்டார் அத்தான்.

"ஆறு வருஷமா நான் மட்டும்தானே நடந்தேன். நீங்க இப்பதான வந்து சேந்தீங்க?"

அத்தான் அவள் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.