பாஸ்போர்ட்டில் தேங்காயெண்ணெய்

தனியாக வெளிநாடு சுற்றப் போனவர்கள் போடும் படங்களில் மலை இருக்கும், பனி இருக்கும், சிரிப்பு இருக்கும். ஈர ஷூவுக்குள் காலை நுழைக்கிற படத்தை எவளும் போடுவதில்லை. அந்தப் படங்களை நம்பித்தான் நானும் எங்கள் ஊரான காரோட்டிலிருந்து முதுகுப் பையோடு கிளம்பினேன்.

அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. "பெண்ணு ஒத்தைக்குப் போவாண்டாம். போனா, அங்க கிடந்து என்னை விளிக்கப்பிடாது, கேட்டியா?"

"விளிக்க மாட்டேன்" என்றேன். மலையெல்லாம் அப்புறம்தான், அந்த வாக்கைக் காப்பாற்றுவதுதான் எனக்கு முக்கியம். ஒருமுறை அவனைக் கூப்பிட்டால் போதும், அதன்பிறகு பக்கத்திலிருக்கிற நெய்யாற்றின்கரைக்குப் போகவும் துணைக்கு ஆள் அனுப்புவான்.

அம்மா வேறு மாதிரி. "தலை காயப்பிடாது மக்கா. ஆட்டின எண்ணெயாக்கும்" என்று ஒரு பிளாஸ்டிக் குப்பி நிறையத் தேங்காயெண்ணெயைப் பையில் திணித்தாள். கூடவே முகத்துக்குப் பவுடர் டப்பா.

ஜார்ஜியாவின் மலையூரில் எண்ணெய் கல்லாகிவிட்டது. எங்கள் ஊரில் மார்கழியில் உறைந்தால் வெயிலில் வைப்போம். அங்கே வெயிலுக்கு எங்கே போக? கோபத்தில் குப்பியின் கழுத்தைக் கத்தியால் அறுத்து, தினமும் கரண்டியால் சுரண்டித் தேய்த்தேன். வாய்க்கு ஒரு கவர், ஒரு ரப்பர் பேண்ட். கல்லு ஒழுகவா போகிறது?

ஆர்மேனியாவுக்குப் போகும் வேனில், குப்பியும் பாஸ்போர்ட்டும் இருந்த சின்னப் பையைக் காலடியில் வைத்தேன். ஹீட்டர் காற்று அங்கேதான் வந்தது. கால் சூடாகிறதே என்று தூங்கிவிட்டேன். எல்லையில் இறங்கிப் பையைத் திறந்தால், பாஸ்போர்ட் எண்ணெயில் குளித்துக் கிடந்தது. படம் இருந்த பக்கம் தப்பித்தது. மற்ற தாள்கள் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டன.

துணியில் எண்ணெய் பட்டால் வீட்டில் பவுடர் போடுவோம். அந்தப் புத்திதான் வந்தது. டப்பாவைத் திறந்து பக்கம் பக்கமாகக் கொட்டித் தேய்த்தேன். தட்டிவிடுவதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது.

கூண்டுக்குள் இருந்த அதிகாரி பாஸ்போர்ட்டை விரித்ததும் வெள்ளைப் பொடி அவருடைய கறுப்புச் சட்டையில் பறந்தது. எல்லைக் காவலில், தனியாக வந்த ஒருத்தியிடம், வெள்ளைப் பொடி. யோசித்துச் செய்திருந்தால்கூட இவ்வளவு முட்டாள்தனமாகச் செய்திருக்க முடியாது.

ஓர் அறைக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் மேசையில் கொட்டினார்கள். நாய் வந்து மோந்துவிட்டுத் தும்மியது. பொடியில் கொஞ்சத்தைச் சோதிக்க எடுத்துப் போனார்கள். அங்கிருந்த பெண் அதிகாரி, "வீட்டில் ஆங்கிலம் பேசுகிறவர் உண்டா? போன் போடு, இதெல்லாம் என்னவென்று கேட்க வேண்டும்" என்றார்.

உண்டு. அண்ணன் ஒருத்தன்தான்.

போனைக் கையில் எடுத்தேன். வைத்துவிட்டேன். மேசையில் இருந்த குப்பியில் மிச்சம் கிடந்த எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றித் தலையில் தேய்த்தேன். பவுடரை முகத்திலும் கழுத்திலும் அப்பினேன். "எங்கள் ஊரில் குளித்ததும் எல்லோரும் இப்படித்தான், ஆண்களும்கூட" என்றேன் கடுப்பாக. அவர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். தோள் குலுங்கியது. சோதித்தவர்களும் ஒன்றுமில்லை என்று வந்து சொன்னார்கள். எண்ணெய்த் தாளில் முத்திரை ஒட்டவே இல்லை. தேடிப் பிடித்து, கடைசியில் எண்ணெய் அதிகம் ஏறாத ஒரு பக்கத்தில் குத்தினார்கள்.

வெளியே வேன் இல்லை. என் பெரிய பையைச் சேற்றுப் பனியில் இறக்கி வைத்துவிட்டுப் போயிருந்தான் டிரைவர். அடுத்த வண்டிக்காக நடுங்கிக்கொண்டு நின்றபோது போன் அடித்தது. அண்ணன்.

"எங்கட்டி நிக்க?"

"வண்டி காத்து நிக்கேன்."

"எண்ணெய் தேய்க்கிறாளான்னு அம்மை கேக்கா."

"தீந்து போச்சு."

"அதுக்குள்ளயா? குடிச்சியா?"

"ஆமா, குடிச்சேன். வை போனை."

கூப்பிட்டது அவன்தான், நான் இல்லை. தொப்பியை இழுத்துவிடத் தலையில் கை வைத்தேன். எண்ணெய் மறுபடியும் உறைந்துகொண்டிருந்தது.