என் கல்யாணத்துக்கு ஒரு தடை

எங்கள் மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று அது முடியும். கடமை என்று காதில் விழுந்தால் என்னால் சும்மா இருக்க முடியாது. நான் முத்தையாபுரத்தில் கணக்கு டீச்சர்.

தடை எனக்குத் தெரியும். கல்லூரி முடித்த வருஷம் மனநோய் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அன்றிலிருந்து மாத்திரை. நிச்சயத்துக்கு முன்பே மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டோம். கப்பலில் வேலை பார்ப்பவர், அசரவில்லை.

"எங்க கப்பல் சமையக்காரரு பிலிப்பைன்ஸ்காரரு. அவரும் இதத்தான் திங்காரு. யாருக்கும் தெரியக்கூடாதுன்னு விட்டமின் டப்பாவுல போட்டு வச்சிருப்பாரு. கப்பலுக்கே தெரியும்" என்றார்.

என்னுடையது கால்சியம் டப்பாவில் இருந்தது. அதை நான் சொல்லவில்லை.

இவ்வளவு நல்ல மனுஷன் தலையில் என்னைக் கட்டுவது அநியாயம் என்று தோன்றியது. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தது தெருவுக்கே தெரியும், யாராவது போய்ச் சொல்வார்கள் என்று காத்திருந்தேன். முதல் ஞாயிறு ஒருவரும் போகவில்லை. இரண்டாம் ஞாயிறும் இல்லை. அடுத்தவர் விஷயத்தில் தலையிடாத ஜனங்கள் எங்கள் தெருவில் எப்போது முளைத்தார்கள் என்று எரிச்சலாக வந்தது. மூன்றாம் ஞாயிறு பூசை முடிந்ததும் நானே போனேன்.

சாமியார் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு கல்யாணத்துக்குத் தடை சொல்லணும் ஃபாதர்."

"யாரு கல்யாணத்துக்கு?"

"என் கல்யாணத்துக்குத்தான்."

வியாதி, ஆஸ்பத்திரி, மாத்திரை எல்லாவற்றையும் வகுப்பில் கோள் சொல்லும் பிள்ளை மாதிரி ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"வேண்டாங்காரா?"

"இல்ல. எனக்குத் தகுதியில்லன்னு அவருக்குப் புரியல ஃபாதர்."

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். "இங்க பாரும்மா, இஷ்டமில்லன்னு சொல்லு, இப்பவே நிறுத்திருதேன். தகுதியெல்லாம் பாத்தா இந்தக் கோயில்ல ஒரு கல்யாணமும் நடக்காது. உனக்கு அவரு வேணுமா, வேண்டாமா?"

தடை பற்றி என்ன கேட்டாலும் பதில் வைத்திருந்தேன். இது தடை பற்றிய கேள்வி இல்லை. கையிலிருந்த முக்காட்டுத் துணியை மடித்தேன், பிரித்தேன்.

"வேணும் ஃபாதர்" என்றேன். சொன்னதும் அழுகை பொங்கிவிட்டது. கேட்கவே எனக்கு உரிமை இல்லை என்று நினைத்திருந்ததால், அவர் வேண்டுமா என்று என்னை நானே ஒரு நாளும் கேட்டதில்லை.