கட்டத்துக்குள் போன பவுண்டரி

போன வாரம் பரணிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இறக்கினேன். உள்ளே, புரொஜெக்டரில் வைத்துச் சுவரில் காட்டும் கண்ணாடித்தாள்கள், சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. பிரித்தால் அதே மார்க்கர் பேனா வாசம். முப்பது வருடமாகியும் விட்டுப்போகவில்லை, பாருங்கள்.

தொண்ணூறுகளில் கோயமுத்தூர்க் கல்லூரி ஒன்றில், நிர்வாகவியல் பேராசிரியர் ஒருவருக்கு நான் உதவியாளன். ஆராய்ச்சி உதவியாளன் என்று பேர். என் கையெழுத்து முத்து முத்தாக இருந்ததால், அந்தத் தாள்களில் எழுதுவதுதான் முக்கால்வாசி வேலை. அவர் வெளிநாட்டில் படித்து, அங்கேயே பாடமும் நடத்திவிட்டு ஊர் திரும்பியவர். தொழிலுக்கு வியூகம் வகுப்பது பற்றி அவர் எழுதிய புத்தகம் இல்லாத முதலாளி அறை ஊரில் இல்லை; படித்தார்களா என்பது வேறு விஷயம். "எதுல கெட்டியோ அத மட்டும் செய்யுங்க, மிச்சத்த வெளிய வாங்கிக்குங்க" என்பது அவருடைய மந்திரம். அதைக் கேட்டுவிட்டு எங்கள் தெரு பேக்கரிக்காரர் பன் போடுவதை நிறுத்தி, வர்க்கி மட்டும் போட்டார். நானும் லேசுப்பட்டவனில்லை. அவரைப் போலவே தொண்டையைச் செருமிவிட்டுப் பேசப் பழகியிருந்தேன். கல்லூரியில் என் அண்ணனைப் பற்றிக் கேட்டவர்களிடம், "பம்ப்செட் லைன்ல இருக்காருங்க" என்று பெரிய தொழிலதிபர் மாதிரி சொல்லிவைத்திருந்தேன்.

அண்ணன் இருந்தது பீளமேட்டுப் பக்கம் ஒரு பம்ப்செட் கம்பெனியின் பவுண்டரியில். மணலில் அச்சு எடுத்து, உருக்கிய இரும்பை ஊற்றுகிற வேலை. அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தது அந்தக் கைதான். அதே கம்பெனி பேராசிரியரிடம் ஆலோசனை கேட்டு வந்தது. விதி என்று சொல்லலாம். ஆனால் பிறகு நான் வாய் திறக்காததற்கு விதியைக் குறை சொல்வது நியாயமில்லை.

நோட்டும் கையுமாகப் பவுண்டரிக்குள் போனேன். தினம் எவ்வளவு நேரம் வேலையில்லாமல் இருக்கிறீர்கள் என்பது கேள்வி. மற்றவர்கள் உஷார். "ஒண்ணுக்குப் போகக்கூட நேரமில்லீங்க" என்றார்கள். அண்ணன் மட்டும், தம்பிக்கு உதவுகிற சந்தோஷத்தில், நாலு பேர் முன்னால் எனக்கு மரியாதை கொடுத்து, "இரும்பு உருகி வர்ற வரைக்கும் ரெண்டு மணி நேரம் சும்மாதானுங்க உக்காந்திருப்போம். எழுதிக்குங்க" என்றார். எழுதிக்கொண்டேன்.

தினம் இரண்டு மணி நேரச் சம்பளம் வீண், வார்ப்பை வெளியே வாங்கிக்கொள்ளலாம் என்று, அந்தப் பதிலின் மேல்தான் மொத்த அறிக்கையும் நின்றது. கண்ணாடித்தாளில் கம்பெனியின் பிரிவுகளுக்கு நாலு கட்டம் போட்டு, மூட வேண்டியவற்றுக்கான கட்டத்தில் 'பவுண்டரி' என்று நானேதான் எழுதினேன். முதலாளியைப் பார்க்கக் கிளம்பும்போது பேராசிரியரிடம், "சார், பவுண்டரிய இன்னொருக்கா பாத்துரலாங்களா?" என்றேன்.

"ஏனுங்க தம்பி, கணக்கு தப்பா?"

"தப்பில்லீங்க சார்."

"வேற எதாச்சும் இருக்குதுங்களா?"

நல்ல மனுஷர், நின்று கேட்டார். என் அண்ணன் அங்கேதான் வேலை செய்கிறார் என்று ஒரு வார்த்தை போதும். வரவில்லை. தொழிலதிபர் அண்ணனை இறக்கிவைக்க வெட்கம். "ஒண்ணுமில்லீங்க சார்" என்று தாள்களை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

மூன்று மாதத்தில் உலையை அணைத்தார்கள். அண்ணன் வேலை தேடி வெள்ளகோவில் வரைக்கும் அலைந்தார். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைத் தொடாமல் கேட்டார்.

"ஏன் கண்ணு, அன்னைக்கு நான் எதாச்சும் தப்பாச் சொல்லிப்போட்டனா?"

"அதெல்லாம் இல்லீங்ண்ணா. அவங்க முன்னாலயே முடிவு பண்ணிப்போட்டாங்க."

நம்பிவிட்டார். தட்டில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டார். பார்க்க முடியாமல் நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

பின்னாளில் பேராசிரியர் தன் புத்தகத்தைத் திருத்தி எழுதினார். சும்மா உட்கார்ந்திருப்பதாகத் தெரியும் நேரமும் வேலையின் ஒரு பகுதிதான், சொந்தப் பவுண்டரிகளை மூடச் சொன்னதில் அவசரப்பட்டுவிட்டேன் என்று. அவருக்கு ஒரு பாராவில் முடிந்தது.

இன்று அந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். ஷிப்டுக்குச் சங்கு ஊதுவதில்லை. பேராசிரியர் இல்லை. அண்ணன் போய் நாலு வருடமாகிறது. இன்னொரு தடவை கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவேன். கேட்கத்தான் ஆளில்லை.