பல கருவிக் கத்தியும் ஒட்ட வெட்டிய நகமும்

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகச் சாலையில், வலையும் கயிறும் விற்கும் ஒரு கடை. விமான நிலையச் சோதனையில் பழைய மடக்குக்கத்தியைப் பறிகொடுத்ததிலிருந்து என் சட்டைப்பை நிம்மதியாக இல்லை. இன்று வேறொன்று வாங்காமல் ஊர் திரும்புவதில்லை.

கடைக்கார அம்மா எடுத்துவைக்கும் கத்திகளில் சிவப்புக் கத்திதான் எனக்குச் சரி. கத்தரிக்கோல், ரம்பம், திருப்புளி எல்லாம் அதற்குள்ளேயே மடங்கிக் கிடக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றையும் நகத்தால் நெம்பித்தான் வெளியே இழுக்க வேண்டும். நானோ ஞாயிறு தவறாமல் நகத்தை ஒட்ட வெட்டுகிறவன். விரல் வழுக்குகிறது.

“இங்கன கொண்டாங்க அண்ணாச்சி,” என்று வாங்கி, அவர் நொடியில் எல்லாவற்றையும் விரித்துக் காட்டுகிறார். “இப்ப எத வெட்டணும்?”

“இப்போ ஒண்ணும் இல்லம்மா. ஒரு அவசரத்துக்கு இருக்கட்டும்னுதான்.”

“நகம் வளருத வரைக்கும் அவசரம் காத்துக் கெடக்குமாக்கும்? பேசாம இந்த மரப்பிடிக் கத்திய எடுத்துட்டுப் போங்க. தொறக்கவே வேண்டாம்லா.”

அதில் கத்தரிக்கோல் இல்லை என்று விளக்கிவிட்டு, சிவப்பையே வாங்குகிறேன்.

திருநெல்வேலிப் பேருந்து, தூத்துக்குடியை அடுத்த சிற்றூரான புதுக்கோட்டையைத் தாண்டுகிறது. கையில் பெரிய கொய்யாப்பழம், பையில் திறக்க வராத கத்தி. பக்கத்து இருக்கைப் பெண் நகங்களை நீளமாக வளர்த்துச் சாயம் பூசியிருக்கிறார். முன்பின் தெரியாத பெண்ணிடம் கத்தியை நீட்டி என்னவென்று சொல்வது? பழத்தைக் கடித்தே தின்கிறேன்.