தெருவுக்குத் தெரியாத அடுப்பு

வீடு கட்டத் தொடங்கியபோது எனக்கும் கணவருக்கும் ஒரே ஆசைதான் இருந்தது. அடுப்பு தெருவுக்குத் தெரியக்கூடாது.

தமிழ்நாட்டு முகாமில் எங்களுக்கு இருந்தது ஒற்றை அறை. வாசலோடுதான் அடுப்பு. தண்ணீருக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் சட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு என்ன குழம்பு?" என்று கேட்டுக்கொண்டே போவார்கள். மீன் வாங்கிய நாளில் அது குசல விசாரிப்பு. கஞ்சியோடு பொழுதைக் கழித்த நாளில் அதே கேள்வி முள்ளாகக் குத்தும். அதனால் மன்னாருக்குத் திரும்பி வந்து வீட்டுத்திட்டத்தில் எங்கள் பெயரும் வந்தபோது, குசினியை வீட்டின் பின்பக்கம், ஒரு கண்ணுக்கும் எட்டாத மூலையில் வைத்தோம். இனி எங்கள் சட்டியில் வேகிறது எங்களுக்கு மட்டும்தான் தெரியும் என்று அவர் சொல்லிச் சிரித்தது நினைவிருக்கிறது.

பின்பக்கம் என்பது தென்மேற்கு. இந்தத் தீவை விட்டுப் போகாதவர்கள் ஒருவரும் தென்மேற்கில் குசினி வைப்பதில்லை. அயல்வீடுகளை ஒருமுறை சுற்றிப் பார்த்திருந்தாலே அது விளங்கியிருக்கும். முகாமில் வளர்ந்த எங்களுக்கு ஆட்களின் கண்களைத்தான் தெரியும், காற்றைத் தெரியாது. வைகாசியில் சோளகக் காற்று எழும்பியது. கடற்பக்கமிருந்து வந்த காற்று குசினிக்குள் நுழைந்து, புகையை வாரி எடுத்து, ஓர் அறையும் விடாமல் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு முன்வாசலால் வெளியே போனது.

குசினிக்கு அடுத்த அறையில்தான் எங்கள் ஒரே மகள் படுப்பாள். அவளுக்குச் சளித் தடிமன் பிடித்தாலே மூச்சு இழுக்கும். அந்தச் சோளகத்தில் அது மூச்சுமுட்டாக மாறியது. ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல அவளால் முடியாது. "அம்மா" என்பாள், நிறுத்துவாள், மூச்சை எடுப்பாள், பிறகுதான் அடுத்த சொல் வரும். அந்த இடைவெளியில் நானும் மூச்சுவிட மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் அவளை விட்டுவிட்டு எங்களைத்தான் சோதித்தார்.

"விறகிலயோ சமைக்கிறனீங்கள்?"

"ஓம் டொக்டர்."

"நுளம்புத்திரி கொளுத்துறனீங்களோ?"

"இல்லாட்டி நுளம்புக் கடியில படுக்கேலாது."

"சாம்பிராணி?"

"சனிக்கிழமையில மட்டும். மாதாவுக்கு."

"வேற ஏதும் மணக்கிற சாமான் வீட்டுக்குள்ள இருக்கோ?"

நான் கணவரைப் பார்த்தேன். அவர் மேலே சுற்றிய விசிறியைப் பார்த்தார். பிறகு, "மண்ணெண்ணெய்" என்றார்.

"எங்க வைச்சிருக்கிறியள்?"

"பிள்ளையின்ர கட்டிலுக்குக் கீழ."

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். "நான் மருந்து தாறன். ஆனா வீடு இப்பிடி இருந்தா மருந்து பாவம், அது என்ன செய்யும்?"

அவரை நான் குறை சொல்லமாட்டேன். புகையை வெளியே விடுங்கோ, காற்றை உள்ளே விடுங்கோ, தூசியை ஈரத்துணியால் துடையுங்கோ, திரிக்குப் பதிலாக வலை கட்டுங்கோ என்று பொறுமையாகச் சொன்னார். எல்லாம் நியாயம். அதில் எங்களுக்கு எது வாய்த்தது என்பதுதான் கதை.

யன்னல்களைத் திறந்தேன். சோளகம் மணலைக் கொண்டுவந்து தலையணை, சோற்றுப்பானை, அலுமாரி எல்லாவற்றிலும் கொட்டியது. மூடினேன். புகை உள்ளேயே சுற்றியது. திறந்தால் தூசி, மூடினால் புகை, இருதலைக் கொள்ளி எறும்பின் பாடு. கூரையில் புகைக்கூடு வைத்தோம். அதற்குள்ளாலும் காற்று இறங்கி, போன புகையைத் திருப்பிக் கொண்டுவந்து தந்தது. அன்று நான் குசினிக்குள் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்து முடியும்போது அழுதுகொண்டிருந்தேன். காஸ் வாங்கினோம். நாட்டில் காஸ் இல்லாத காலம் வந்து, வெறும் சிலிண்டர் குசினி மூலையில் காவலுக்கு நின்றது. பிறகு காஸ் வந்தபோது அதன் விலை எங்கள் கைக்கு எட்டவில்லை. வலை கட்டினோம், சாம்பிராணியை விட்டேன். மாதா கோவிக்கமாட்டா என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மண்ணெண்ணெய்தான் வழிக்கு வரவில்லை. அவர் மீன்பிடிக்கப் போகும் வள்ளத்து எஞ்சினுக்கு அதுதான் சாப்பாடு. எண்ணெய்க்கு வரிசையில் நின்ற காலத்துக்குப் பிறகு, எண்ணெய்க் கானைக் கண்ணில் படாத இடத்தில் வைக்க அவருக்கு மனம் வராது. ஒருமுறை என் ஆக்கினை தாங்காமல் வெளிக்கொட்டிலில் வைத்தார். விடிந்தபோது கானைக் காணவில்லை. அடுத்த கான் பழையபடி கட்டிலுக்குக் கீழேயே போனது.

"இஞ்சேருங்கோ, பிள்ளையை விடவோ எண்ணெய் பெரிசு?" என்று கேட்டேன்.

"பிள்ளைக்கு மருந்து வாங்கத்தான் நான் கடலுக்குப் போறன்" என்றார். அவர் கத்திச் சொல்லியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் மெதுவாகத்தான் சொன்னார்.

கடைசியில் வெட்கத்தை விழுங்கி, அடுப்பை முன்முற்றத்துக்குக் கொண்டுவந்தேன். மூன்று கல், மேலே நாலு தகரம், எதிரே தெரு. புகை வீட்டை விட்டுப் போனது. மகள் கொஞ்ச நாள் நன்றாக நித்திரை கொண்டாள். பிறகு மாரி பிறந்தது. காற்று வாடைக்குத் திரும்பி, தெருப்பக்கமிருந்து புகையை விறாந்தைக்குள் தள்ளியது. சரி என்று அடுப்பைப் பழையபடி பின்னுக்குக் கொண்டுபோனேன். மழைக்கு யன்னல்கள் பூட்டியே கிடந்தன. அவளுடைய தலைமாட்டுச் சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம் பூத்தது. துடைத்தேன், சுண்ணாம்பு அடித்தேன், திரும்பவும் பூத்தது. கட்டிலுக்குக் கீழே எண்ணெய் மணத்தது. ஒரு விடியற்காலை அவளுடைய உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"கொஞ்சக் காலத்துக்கு வேற வீட்டில விட்டுப் பாருங்கோ" என்றார் டொக்டர்.

வங்காலையில் மச்சாள் வீடு இருக்கிறது. அவவின் மகன் வெளிநாட்டில். காஸ் அடுப்பு, காய்ந்த சுவர், எண்ணெய்க் கான் இல்லாத கட்டில். மகள் அங்கே போன கிழமையே படியேறி ஓடுகிறாள் என்று மச்சாள் போனில் சொன்னா. சந்தோஷம்தான். அவளுக்கென்று கட்டிய வீட்டில் அவளைத் தவிர நாங்கள் இரண்டு பேரும் சுகமாக மூச்சுவிடுகிறோம் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

ஞாயிறுதோறும் பூசை முடிய பஸ்ஸில் வருகிறாள். நான் வீட்டைக் கழுவித் துடைத்து, யன்னலெல்லாம் திறந்து வைத்து, முன்முற்றத்தில் அடுப்பு மூட்டி, அவள் வரமுன்னமே சமைத்து அணைத்திருப்பேன். போன ஞாயிறு அவள் வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். தன் கட்டிலைப் பார்த்தாள். பிறகு, "நான் வெளியிலயே இருக்கிறன் அம்மா. நீங்கள் யோசிக்காதேங்கோ" என்றாள்.

முற்றத்தில் பாய் விரித்து மூவரும் சாப்பிட இருந்தோம். தெருவால் போன அயல்வீட்டுப் பெண் வேலிக்கு மேலால் சட்டியை எட்டிப் பார்த்தாள்.

"என்ன, இண்டைக்கு மீன் குழம்போ?"

"ஓம் அன்ரி, பாரை மீன், அம்மா வைச்சது, வாங்கோவன் சாப்பிடுவம்" என்றாள் மகள்.

ஓரிடத்திலும் நிறுத்தாமல், ஒரே மூச்சில் சொன்னாள். அவள் திரும்பிப் போவதற்கான பஸ் நாலு மணிக்கு.