தார்நாகா வழி

மாதாப்பூரில் ஆபீஸ் வாசலில் நிற்கிறேன். முன்கண்ணாடியில் ஊதா லைட் எரியும் கார்தான் நான் புக் செய்த டாக்ஸி என்கிறது போன். எதையும் படிக்க வேண்டாம், நிறம் தெரிந்தால் போதும். அப்பா காலத்தில் இது இருந்திருக்கக் கூடாதா?

அப்பா தெலுங்கு சரளமாகப் பேசுவார். ஓர் எழுத்துகூடப் படிக்க வராது. செகந்திராபாத்தில் ஒரே நம்பர் பஸ் இரண்டு வழியில் போகும். எந்த வழி என்பது தெலுங்கில் மட்டும் இருக்கும். பஸ் நெற்றியில் பல்பு எரியும் அந்த போர்டை நான்தான் படித்துச் சொல்வேன்.

எனக்குப் பத்து வயதில் அம்மா தார்நாகா பக்கம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். சாயங்காலம் ஏழு மணிவரைதான் பார்க்க விடுவார்கள். அன்று ஸ்டாப்பில் என் வகுப்புப் பிள்ளைகளும் நின்றார்கள்.

"பாப்பா, போர்டுல என்ன போட்டிருக்கு? தார்நாகா வழியா?"

உங்க டாடிக்குப் படிக்கத் தெரியாதா என்று ஒருத்தி தெலுங்கில் கேட்டுச் சிரித்தாள்.

"நக்கோப்பா, வேண்டாம், எனக்குத் தெரியாது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அப்பா கண்டக்டரைக் கேட்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. அது எங்கள் பஸ்தான். அடுத்ததைப் பிடித்துப் போனபோது கேட்டைப் பூட்டியிருந்தார்கள். விடிவதற்குள் அம்மா போய்விட்டாள்.

ஊதா லைட் என் முன்னால் வந்து நிற்கிறது. "ரண்டி மேடம்" என்று ஏறச் சொல்லிக் கூப்பிடுகிறார் டிரைவர்.

அன்று ஏன் போய்ப் பார்க்கவில்லை என்று கேட்டவர்களிடமெல்லாம் அப்பா, "பஸ்ஸே வரல" என்றுதான் சொன்னார். சாகும்வரை என்னிடமும் அதையேதான் சொன்னார்.